என் அலைக்கு மூலை இருந்தது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பயிற்சிக் கணக்குக் கொடுத்திருப்பார்கள். தட்டையான தரை. நடுவில் வட்டமான ஒரு தொட்டி, விளிம்பு வரை தண்ணீர். தொட்டியின் சுவர் திடீரென்று மறைந்துவிடுகிறது. தண்ணீர் எப்படிப் பரவும்? வட்டமாகத்தான் பரவும். குளத்தில் கல்லெறிந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். கணினிக்கு மட்டும் தெரியாது. தரையைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி அதன் கையில் கொடுத்திருக்கிறோம் அல்லவா, சதுரத்தின் புத்தி அதற்கு ஒட்டிக்கொள்ளும்.

நான் எழுதிய நிரலில் அந்த அலைக்கு மூலை இருந்தது. வட்டமாகப் புறப்படும். போகப்போக ஓரம் மழுங்கி, நாலு பக்கமும் மூலை முளைத்து, கசங்கிய கைக்குட்டை மாதிரி விரியும். பல வருடம் அந்த மூலைகளோடு நான் சமாதானமாக வாழ்ந்தேன். ஆற்று வெள்ளத்துக்கும் கண்மாய் உடைப்புக்கும் அது போதுமானதாக இருந்தது. யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் எங்கள் அலுவலகத்தில் வேறு அலையை யாரும் பார்த்ததில்லை.

அப்புறம் செல்வம் வந்தார். வந்த சில நாளில் அதே பயிற்சிக் கணக்கை அவர் தன் நிரலில் ஓட்டினார். காம்பஸ் வைத்து வரைந்தது மாதிரி ஒரு வட்டம் திரையில் விரிந்தது. அலையின் முன்விளிம்பு கத்தி போல நின்றது. அலுவலகமே அவர் நாற்காலியைச் சுற்றி நின்று பார்த்தது. நானும் நின்றேன். "அருமை" என்று எல்லோரையும் முந்திக்கொண்டு சொன்னது நான்தான். அன்று பிடித்த பொறாமை இன்னும் விடவில்லை.

ஓய்வு பெற்றவர்களை எழுதச் சொன்னால் உழைப்பு, பொறுமை, நேர்மை என்று எழுதுவார்கள். உங்களுக்கு அதையெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். நம் தொழிலில் அதற்கும் ஒரு இடம் இருக்கிறது.

எங்கள் அலுவலகம் அப்போது ஒத்தக்கடையில், மேலூர் சாலையோரம், ஒரு வங்கிக்கு மேல் மாடியில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். ஆறு பெருகினால், கண்மாய் உடைந்தால், தண்ணீர் எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் வரும் என்று கணக்கிட்டுச் சொல்வது எங்கள் வேலை. நடத்தியவர் கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தவர். அவரை எல்லோரும் சார் என்றுதான் அழைப்போம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் கோச்சடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். மேற்கே தோப்பும் வயலும் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. கணிதம் படித்தேன், கணினியைப் பிறகு நானாகக் கற்றுக்கொண்டேன். அந்த அலுவலகம் முதலில் விற்ற வெள்ளக் கணக்கு என் நிரலில் ஓடியதுதான்.

செல்வம் என்னைவிடச் சில வயது இளையவர். ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். உதவித்தொகையிலேயே படித்து, வெளிநாடு போய் ஆராய்ச்சி செய்து, அங்கேயே இருந்திருக்கக்கூடியவர் திரும்பி வந்தார். அவர் கடந்து வந்த தூரம் என்னுடையதைவிட அதிகம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால் பொறாமை குறையவில்லை, கூடியது. குறை சொல்ல ஒரு சாக்குக்கூட இல்லாத ஆள்மேல் வருகிற பொறாமைக்கு இறங்க இடம் கிடையாது.

அவர் முறைக்கும் என் முறைக்கும் என்ன வித்தியாசம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது புரிய அது வேண்டும். தண்ணீர் அலையின் சமன்பாடு ஹைப்பர்போலிக் வகை. அதாவது, ஓரிடத்தில் நடந்தது அடுத்த இடத்துக்கு ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் போய்ச் சேரும், அதற்கு முன்னால் போகாது. ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் பக்கத்துச் சதுரத்துக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சின்னச் சின்ன நேரத் தாவல்களில் நாம் கணக்கிடுகிறோம். நான் முதலில் எல்லாத் தண்ணீரையும் கிழக்கு மேற்காக நகர்த்துவேன். அந்த விடையை எடுத்துக்கொண்டு அடுத்துத் தெற்கு வடக்காக நகர்த்துவேன். ஒரு நேரத்தில் ஒரு திசை. அவர் நாலு பக்கமும் ஒரே சமயத்தில் கணக்கிடுவார். தண்ணீர் அப்படித்தானே ஓடுகிறது, அதற்கு முறைவைத்து ஓடத் தெரியாதே.

சீக்கிரமே என் நிரலுக்குப் 'பழசு' என்றும் அவருடையதற்குப் 'புதுசு' என்றும் பெயர் விழுந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. "பழசுல ஓட்டவா, புதுசுல ஓட்டவா சார்?" என்று கேட்பார்கள். "புதுசு" என்று சார் சொல்லும்போது நான் தலையைத் தூக்க மாட்டேன். வெளியிலிருந்து அதிகாரிகள் வந்தால் செல்வத்தின் மேசைக்கு நேராகப் போவார்கள். வழியில் என் மேசை இருந்தது.

அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். டீ வாங்கப் போனால் எனக்கும் சேர்த்து வாங்கி வருவார், சர்க்கரை குறைவாக என்று ஞாபகம் வைத்துச் சொல்லி. எதையாவது குறை சொல்லித் தீர வேண்டும் என்று ஒரு நாள் அவர் படத்தைப் பார்த்து, "இந்த நீலம் கண்ணக் குத்துதே" என்றேன். மறுநாள் நீலத்தை மாற்றியிருந்தார். இன்னொரு நாள் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றேன். பெரிதாக்கினார். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் கப்பலூரில் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஒரு காலை சாப்பிடும்போது கேட்டார்.

"அந்தப் பய உன்ன என்னதான் செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. வேலைய நல்லாச் செய்றான்."

"அதுக்கா சட்னிய இம்புட்டுக் காரமா அரைச்ச?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகுதான் செல்வத்தின் நிரலைப் படிக்கத் தொடங்கினேன். எங்கேயாவது ஒரு தப்பு இருக்காதா என்ற ஆசையில் படித்தேன். வேறு நோக்கம் எதுவும் இல்லை. அலுவலகத்தில் மற்றவர்கள் அவர் நிரலை ஓட்டுவார்கள், படம் எடுப்பார்கள், கைதட்டுவார்கள். ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து படித்தது நான் ஒருத்திதான். வாரக்கணக்கில் படித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. சுத்தமான நிரல். இந்த இடத்தில் நானாக இருந்தால் இப்படி யோசித்திருக்க மாட்டேன் என்று பல இடங்களில் தோன்றியது. அது வலித்தது. ஆனால் அதற்குள் அந்த நிரல் அவருக்கு எப்படிப் பழக்கமோ அப்படி எனக்கும் பழக்கமாகிவிட்டது.

ஐப்பசி முடிகிற சமயம். மேற்கு மலையில் விடாமல் மழை. அணை நிரம்பி, திறந்துவிடும் தண்ணீரைக் கூட்டப்போகிறார்கள் என்று செய்தி. மாவட்ட நிர்வாகத்துக்கு வெள்ளம் வரும் நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பு அந்த வருடம் எங்களிடம் இருந்தது. முதல் முறையாகப் புதுசை நம்பி ஒப்புக்கொண்ட வேலை. கோச்சடைக்கு மேற்கே ஆற்றோரம் தாழ்வான ஒரு குடியிருப்பு உண்டு. ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும் நெருக்கியடித்து நிற்கும். முதலில் நனைவது அதுதான்.

செல்வத்தின் கணக்கு காலையிலேயே முடிந்துவிட்டது. வெள்ளத்தின் உச்சம் அந்தக் குடியிருப்புக்கு விளக்கு வைத்த பிறகுதான் வரும் என்று சொன்னது. மாவட்ட அதிகாரி நிதானமாகத் திட்டம் போட்டார். மதியச் சாப்பாடு முடிந்த பின் பஸ்களை அனுப்பி, ஆட்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்த் தங்க வைப்பது. அவசரப்படுத்தினால் கூட்டம் கலவரமாகும் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான்.

நான் யாரும் கேட்காமலே பழசை ஓட்டிப் பார்த்தேன். அது, உச்சிவேளைக்கே தண்ணீர் வந்துவிடும் என்றது. சாரிடம் காட்டினேன்.

"உங்க பழசு எப்பவும் முந்திக்கும்மா" என்றார்.

உண்மைதான். என் முறை அலையை மழுக்கும். மழுங்கிய அலையின் நுனி முன்னாலேயே எட்டிப் பார்க்கும். அதனால் கொஞ்சம் சீக்கிரம் சொல்வது அதன் பழக்கம். ஆனால் கொஞ்சம்தான். உச்சிவேளை எங்கே, விளக்கு வைக்கிற நேரம் எங்கே? இந்த அளவு இடைவெளியை அது ஒருநாளும் காட்டியதில்லை.

இடத்துக்குத் திரும்பி வந்து செல்வத்தின் விடைகளை என் கணினியில் திறந்தேன். அவர் படங்களில் ஒரு சதுரத்தின் நிறம் அடுத்த சதுரத்தின் நிறத்தோடு கலந்து வழவழப்பாகத் தெரியும். அந்தக் கலப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியாகப் பார்த்தேன். சோழவந்தானைத் தாண்டி ஆறு வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்வாக வருகிற நீளம் முழுக்கச் சதுரங்கப் பலகை போல இருந்தது. ஒரு சதுரத்தில் தண்ணீர் உயரம், அடுத்ததில் தாழ்வு, அதற்கடுத்ததில் மறுபடி உயரம். ஓடுகிற ஆற்றில் தண்ணீர் அப்படி நிற்காது.

அவர் நிரலில் ஒரு வேலி இருந்தது எனக்குத் தெரியும். எந்தச் சதுரத்திலாவது வேகம் நம்ப முடியாத அளவு போனால் அதை வெட்டிவிடும். எல்லோரும் வைப்பதுதான், எப்போதாவது ஒருமுறை வேலை செய்யும். அன்று அந்தச் சாய்வான நீளத்தில் அது ஓயாமல் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் தண்ணீரின் உந்துதல் குறையும். உந்துதல் குறைந்த தண்ணீர் பின்னால் தேங்கும். தேங்கினால் கீழே தாமதமாக வரும். திரையில் தாமதமாக வரும். ஆற்றில் அல்ல.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. பரீட்சையில் முதல் மாணவனின் விடைத்தாளில் பிழையைக் கண்டுபிடித்த இரண்டாவது மாணவியின் சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் என்னை நிறுத்தியது. எதைத் தேடி இத்தனை வாரம் படித்தேனோ அது கிடைத்துவிட்டது என்றால், உண்மையிலேயே கிடைத்ததா, நான் கிடைக்க வைத்தேனா? அந்தச் சதுரங்கப் பலகைக்கு எனக்குத் தெரியாத வேறு காரணம் இருக்கலாம். தப்பாக எச்சரித்து, மழையில் பிள்ளைகுட்டிகளோடு ஜனங்களை ஓட வைத்து, தண்ணீர் வராமல் போனால் அடுத்த முறை நிஜமாக வரும்போது ஒருவரும் அசைய மாட்டார்கள்.

நேரே சாரிடம் போயிருக்கலாம். சற்று முன்புதான் பழசைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவள், மறுபடி போனால் அவர் என்ன நினைப்பார் என்று தெரியும். நிச்சயமாகும் வரை தனியாக ஓட்டிப் பார்க்கலாம். அதற்குள் தண்ணீர் வந்துவிடும். அந்த நிரலை என் அளவுக்கு அறிந்தவர் இன்னொருவர்தான் இருந்தார். எழுந்து அவரிடம் போனேன்.

"செல்வம், ஆறு சாய்வா வர்ற எடத்துல தண்ணி கட்டம் கட்டமா நிக்குது. கலரக் கலக்காமப் பாருங்க. வேகமும் வெட்டிக்கிட்டே இருக்கு. உங்க நேரம் தப்பா இருக்கும்னு நெனைக்கிறேன்."

அவர் கையில் போன். மறுமுனையில் யாரோ காத்திருந்தார்கள். "அக்கா, பஸ்ஸுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். அப்புறம் பாப்பமா?"

"அப்புறம்னா தண்ணி வந்துரும்."

அவர் போனைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "கலர் சரியில்லன்னீங்க, மாத்துனேன். எழுத்து சின்னதுன்னீங்க, பெருசாக்குனேன். ஒவ்வொரு நாளும் ஒண்ணு. இன்னைக்குப் போயி எதுக்குக்கா?"

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சார் தன் அறைக் கதவில் வந்து நின்றார். நான் சொல்லத் தயாரித்து வந்த வார்த்தையெல்லாம் போய்விட்டது. அதுவரை செல்வத்தை நீங்க என்றுதான் பேசியிருக்கிறேன். மரியாதையால் அல்ல, தூரத்தில் நிறுத்திவைக்க. அந்த நிமிஷத்தில் அது தானாகக் கழன்றுவிட்டது.

"ஆமாய்யா, எனக்கு உம்மேல பொறாமைதான். நீ வந்த நாள்லருந்து. ஒம் புரோகிராம நான் படிச்ச மாதிரி இங்க ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க. எங்கயாச்சும் தப்பு இருக்காதான்னுதான் படிச்சேன். அதனால நான் சொல்றத நீ நம்பாத. நேரத் தாவல பாதியாக்கி ஓட்டிப் பாரு. கணக்கு சரின்னா வெடை மாறாது. மாறலேன்னா இத்தன பேரு முன்னாடி ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

செல்வம் என்னையே பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முழுசா ஓட்ட நேரம் இல்லக்கா. சதுரத்தப் பெருசாக்கி ஓட்டுறேன், சீக்கிரம் முடிஞ்சிரும்."

"அப்ப ரெண்டு தடவ ஓட்டணும். பெரிய சதுரத்துல பழைய தாவல் ஒண்ணு, பாதித் தாவல் ஒண்ணு. அப்பத்தான் வித்தியாசம் எதனாலன்னு தெரியும்."

தலையாட்டினார். ஒன்று அவர் கணினியில், மற்றது என் கணினியில். ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் நிரலைத் திறந்து, தாவலின் அளவை முடிவு செய்யும் பகுதிக்குப் போனார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க வாங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அந்தப் பகுதி மட்டும் அவர் எழுதியதல்ல. பழசிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. நான் எழுதியது.

நம் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஒரு தாவலில் அலை பக்கத்துச் சதுரத்தைத் தாண்டிப் போய்விடக்கூடாது. என் முறையில் ஒரு நேரத்தில் ஒரு திசைதான் என்பதால், ஒவ்வொரு திசைக்கும் அந்த அனுமதி முழுசாகக் கிடைக்கும். செல்வத்தின் முறையில் எல்லாத் திசையும் ஒரே சமயத்தில். அதே அனுமதியைத் திசைகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கிழக்கே கொடுத்த தண்ணீரையே தெற்குக்கும் கொடுக்க முடியாதல்லவா? ஆறு நேர் கிழக்காக ஓடினால் இந்தப் பிரச்சினை தலை காட்டாது, தெற்கே கேட்பதற்கு ஆளில்லை. அவர் சோதித்துப் பார்த்த வாய்க்கால்கள் எல்லாம் நேராக ஓடியவை. அந்த அழகான வட்டத்தை ஓட்டியபோது ஜாக்கிரதையாகச் சின்னத் தாவல் வைத்திருக்கிறார். மாவட்ட வேலைக்கு வேகம் வேண்டும் என்று தாவலை விளிம்பு வரை ஏற்றியிருக்கிறார். நம் ஆறு சாய்வாக வந்து இரண்டு பக்கமும் ஒன்றாகக் கை நீட்டிவிட்டது.

என் முறையில் சரியான வரி. அவர் முறையில் தப்பான வரி.

"நீ எழுதுனதெல்லாம் படிச்சேன்" என்றேன். "இது நான் எழுதுனதுன்னு தாண்டிப் போயிட்டேன்."

"நானும் அப்படித்தான். இது அக்கா எழுதுனது, இதுல தப்பு இருக்காதுன்னு தெறந்துகூடப் பாக்கலக்கா" என்றார்.

நீங்கள் யாராவது இப்படி ஒரு வார்த்தையை இப்படி ஒரு நேரத்தில் கேட்க நேர்ந்தால் என்ன செய்வீர்களோ தெரியாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அலுவலகத்தில் என் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள், நான் யார்மேல் வயிறெரிந்தேனோ அவர்தான்.

இரண்டு கணக்கும் முடிந்தன. பழைய தாவலில் விளக்கு வைத்த பிறகு. பாதித் தாவலில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே. பழசு சொன்ன அளவுக்குச் சீக்கிரம் இல்லை, ஆனால் அதன் பக்கம்தான். தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குள்ளும் ஏறுகிறது.

சார் எங்கள் பின்னால் நின்று பார்த்தார். "பெரிய சதுரத்துல ஓட்டுனது. எம்புட்டு நம்பலாம்?"

"நேரம் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும் சார். ஆனா ராத்திரின்னு இனிமே சொல்ல முடியாது" என்றேன்.

"செல்வம்?"

"அக்கா சொல்றதுதான் சார்."

சார் ஒரு கணம்தான் யோசித்தார். "தப்பாப் போனா நாளைக்கு நம்மளத் திட்டுவாங்க. திட்டு வாங்கிக்கலாம். போன் போடுங்க."

யார் பேசுவது? காலையில் சொன்ன நேரம் தப்பு என்று அந்த அதிகாரியிடம் சொல்ல என் நாக்கு துடித்தது. ஒரு வாக்கியம் போதும், யார் கண்டுபிடித்தது என்று தெரிந்துவிடும். நான் கை நீட்டுவதற்குள் செல்வம் எண்ணை அழுத்திவிட்டார்.

"சார், காலையில நான் சொன்ன நேரம் தப்பு. மத்தியானமே தண்ணி வந்துரும். பஸ்ஸ இப்பவே விடுங்க. அந்தப் பள்ளிக்கூடமும் வேணாம், நனைஞ்சிரும். மேட்டுல கல்யாண மண்டபம் இருக்குல்ல, அங்க கொண்டு போயிருங்க." மறுமுனையில் சத்தம் உயர்ந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். "எப்படித் தப்பாச்சுன்னு அப்புறம் வந்து சொல்றேன் சார். தப்பு என்னோடதுதான். மொதல்ல பஸ்ஸ விடுங்க."

பாதித் தப்பு வேறொருவர் எழுதிய வரியில் இருந்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. சொல்லவில்லை. குரலும் நடுங்கவில்லை. எனக்கு அதற்கும் பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த மண்டபத்தில் இறங்கினேன். ஆட்களை ஏற்றிக்கொண்டு கடைசி பஸ் கிளம்பும்போது தெருவில் கணுக்கால் தண்ணீராம். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் தகர வீடுகளின் கதவு பாதி முழுகிவிட்டதாம். மண்டபத்தில் கைக்குழந்தைகள், கோழிகள், மூட்டைகள். ஒரு அம்மா தையல் மிஷினின் தலைப்பாகத்தை மட்டும் கழற்றி எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், எல்லோரும் வந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"வந்துட்டோம், வந்துட்டோம். மொதல்ல ராத்திரின்னாங்க. அப்புறம் இப்பவே ஓடுன்னாங்க. அடுப்புல ஒல கொதிக்குது, அப்படியே விட்டுட்டு வாரேன். யாருத்தா அது, ஒரு நேரத்த ஒழுங்காச் சொல்லத் தெரியாத ஆளுக?"

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "அடுத்த தடவ ஒழுங்காச் சொல்லுவாங்கம்மா" என்றேன்.

"ஆமா, சொல்லுவாங்க" என்று மிஷினை முந்தானையால் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு அதிகாரி அலுவலகத்துக்கே வந்தார். சரியான நேரத்தில் தைரியமாகத் திருத்திச் சொன்னதற்காகச் செல்வத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். செல்வம், "சார், இதுல அக்காதான்" என்று ஆரம்பித்தார். கைதட்டலில் அது கேட்கவில்லை. நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். தப்பு செய்தவருக்குப் பொன்னாடை, கண்டுபிடித்தவளுக்குத் தண்ணீர்ப் பானை என்று வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு அப்படிச் சிரித்தார். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு சார் ஒரு வழக்கம் வைத்தார். செல்வம் எழுதியது எதுவும் நான் படிக்காமல் வெளியே போகாது. நான் எழுதியது அவர் படிக்காமல் போகாது. அடுத்த மழைக்காலத்துக்குள், மூலை வழியாகப் போகும் தண்ணீரையும் கணக்கில் சேர்த்து, தாவலைப் பாதியாக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவர் தன் முறையை மாற்றி எழுதினார். படித்தேன். மிக அழகாக இருந்தது. இரண்டு நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை.

உங்களில் ஒருவருக்கு இன்று பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தால் வயிறு எரியலாம். அது அடங்கட்டும், மனசு சுத்தமாகட்டும், அப்புறம் வேலை பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். என்னுடையது இத்தனை வருடத்தில் அடங்கவில்லை. அதற்குப் படிக்க எதையாவது கொடுங்கள். தப்புக் கிடைத்தால், முதலில் உங்கள் பொறாமையைச் சொல்லுங்கள், அடுத்துத் தப்பைச் சொல்லுங்கள், மூன்றாவதாக உங்களை நம்பத் தேவையில்லாத ஒரு சோதனையைச் சொல்லுங்கள். யார் ஓட்டினாலும் அதே விடை தரும் சோதனையாக அது இருக்க வேண்டும். சொல்ல வேண்டிய ஆளிடம், அவர் முகத்துக்கு நேராக. இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

சில வருடத்தில் செல்வம் பெங்களூரில் பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்குப் போய்விட்டார். நான் ஓய்வு பெற்ற அன்று விழாவுக்காக வந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கொஞ்சமாகத்தான் பேசினார்.

"இங்க இருந்தவரைக்கும் அக்கா என் வேலைய எதிரி மாதிரி படிச்சாங்க. இப்ப இருக்கிற எடத்துல எனக்குக் கீழ நிறையப் பேரு. நான் எது எழுதுனாலும் நல்லாருக்குன்றாங்க. பயமா இருக்கு."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

விழா முடிந்து படியிறங்கும்போது பக்கத்தில் வந்தார். "அக்கா, புதுசா ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன். முப்பரிமாணம். பூமியதிர்ச்சி அலைக்கு."

"அனுப்பி வையி."

"வீட்ல சும்மா இருக்கப்போற நேரத்துல தொந்தரவு இல்லையே?"

"அனுப்புன்னு சொல்றேன்ல."

அவர் ஒரு படி கீழே நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இன்னும் எம்மேல பொறாமை இருக்காக்கா?"

"கொறையல."

"அப்பச் சரி. நாளைக்கே அனுப்புறேன்."

சொன்னபடி அனுப்பினார். காலையில் வீட்டு வேலை முடிந்ததும் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். முக்கால்வாசி படித்துவிட்டேன். இதுவரை ஒரு தப்பும் கிடைக்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது.